தாத்தாவுக்கு நினைவு மலர் போடுவது எப்படி: டிரங்குப் பெட்டியிலிருந்து அச்சகம் வரை

தாத்தா இறந்த மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் பெரிய பிளெக்ஸ் ஒன்று நின்றது. கண்ணீர் அஞ்சலி. முகம் தாத்தாவுடையதுதான், கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. தோளில் சிங்க முத்திரை, கூடவே ஒரு நட்சத்திரம். பிளெக்ஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கு எங்கோ கிடைத்த சீருடைப் படத்தில் தாத்தாவின் தலையை ஒட்டியதில், மனிதர் ஒரே ராத்திரியில் லெப்டினன்ட் கர்னல் ஆகியிருந்தார். அவர் பதினைந்து வருஷம் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவ என்ஜினியர் படையில் இருந்து, கையில் மூன்று பட்டையோடு ஹவில்தாராக வெளியே வந்தவர். பிறகு இருபத்திரண்டு வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வாத்தியார். கூட்டத்தில் நின்றிருந்த அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் அந்த பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பிரமோஷன் கொஞ்சம் லேட்டா வந்துருக்கு" என்றார்.

அன்றைக்குத்தான் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் ஒரு மலர் போடுவது என்று முடிவு செய்தோம். பதினோரு மாதம் பிடித்தது. அறுபத்துநாலு பக்கம், முந்நூறு பிரதி. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பட்டாளத்துத் தாத்தா இருக்கிறார். அவர்களில் பலர் திரும்பி வந்து வாத்தியார், டிரில் மாஸ்டர், தபால்காரர் என்று இரண்டாவது வாழ்க்கையும் வாழ்ந்தவர்கள். அப்படி ஒருவரை நினைவில் வைக்க நினைக்கும் குடும்பத்துக்காக, நாங்கள் செய்ததையும் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரே ஒரு விதிதான் எங்களைக் காப்பாற்றியது. மலரில் போகும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது எப்படித் தெரியும்?" என்று பென்சிலில் பதில் எழுத வேண்டும். ஆயா (எங்கள் பாட்டி) சொன்னது, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பது, மாணவர் சொன்னது, எல்லோரும் சொல்வது. கடைசி வகைதான் ஆபத்து.

முதல் பதினாறு நாள்: எதையும் சுத்தம் செய்யாதீர்கள்

காரியம் முடிந்ததும் வீட்டைக் கழுவும் வேகத்தில் பாதி வரலாறு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அலமாரியைக் காலி செய்வதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியை மட்டும் தனியாகத் தூக்கி வைத்துவிடுங்கள். திறந்தவுடன் கையை விடாமல், முதலில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கை எடுத்த பிறகும் இன்னொரு படம். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு தகவல். எங்கள் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் ஆசிரியர் பயிற்சிச் சேர்க்கைக்கான பணம் கட்டிய ரசீது மடித்து இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாண்டினார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

தேடவேண்டியவை: டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, மெடல்கள், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, இன்லேண்டு கடிதங்கள், பள்ளிப் பணிப்பதிவேட்டின் நகல், ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த பாராட்டு மடல், குழுப் படங்கள். பி.பி.ஓ. அசலை மலர் வேலைக்கென்று யாரும் எடுத்துப் போகக் கூடாது. பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்றும் வேலைக்கு அது வேண்டும். அந்த வேலைதான் முதலில். உங்களுக்கு ஜெராக்ஸ் போதும்.

இரண்டு எச்சரிக்கை, இரண்டும் எங்கள் வீட்டு அனுபவம். ஒன்று, லேமினேஷன். பெரியப்பா பல வருஷத்துக்கு முன்னாலேயே பாசத்தோடு சில சான்றிதழ்களை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஒன்றில் ரப்பர் ஸ்டாம்ப் மை சூட்டில் பரவி, தேதி படிக்க முடியாமல் போயிருந்தது. ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. காகிதத்தை அப்படியே மெல்லிய காகித உறையில் வையுங்கள். இரண்டு, மெடலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற பாலிஷை மெடலுக்குப் போட்டால், விளிம்பில் வெட்டியிருக்கும் நம்பரும் பெயரும் தேய்ந்துபோகும். அந்த நம்பர் இல்லாவிட்டால் அது யாருடைய மெடல் என்று சொல்ல முடியாது. மென்மையான துணியால் தூசி துடைத்தால் போதும். ரிப்பன் சாயம் வெளுக்காமல் இருக்க வெயிலில் காயப்போடாதீர்கள்.

இரண்டாவது: பட்டாளத்துக் காகிதங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக் கதைகள் உண்மையா இல்லையா என்பது இங்கேதான் தெரியும்.

முதலில் ஆர்மி நம்பர். மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதுதான். அதை ஒரு தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது எந்தப் படைப்பிரிவு. நம் ஊரில் "மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்று எல்லோரையும் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் காலாட்படை. அதன் மையம் நீலகிரி வெலிங்டனில். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மதராஸ் என்ஜினியர் குரூப் என்பது வேறு. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. மையம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில். 1780இல் தொடங்கிய படை. அங்கே ஜவானுக்குச் செல்லப் பெயரே "தம்பி". உங்கள் தாத்தா "நான் சாப்பர்" என்று சொல்லியிருந்தால் அவர் காலாட்படைச் சிப்பாய் இல்லை, என்ஜினியர் படை. இவை தவிர சிக்னல்ஸ், பீரங்கிப்படை, மருத்துவப் படை, சர்வீஸ் கோர் என்று இன்னும் எத்தனையோ உண்டு. ஓட்டுநராகவோ சமையல்காரராகவோ இருந்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

பதவியைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். பழைய காகிதத்தில் "ஜமேதார்" என்று இருந்தால் குழம்பாதீர்கள். இன்றைய நாயப் சுபேதாருக்கு 1965 வரை அதுதான் பெயர்.

இனி மெடல். பலவற்றில் எழுத்து இந்தியில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 1965 போருக்கு இரண்டு: போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார், அப்போது படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக ரக்ஷா மெடல். 1971க்கு மூன்று: கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்கு பஷ்சிமி ஸ்டார், பொதுவாக சங்க்ராம் மெடல். 1972இல் சுதந்திரத்தின் வெள்ளி விழாவுக்கு ஒன்று. ஒன்பது வருஷ சேவைக்கு ஒன்று. எல்லா மெடலும் வீரதீரத்துக்குக் கொடுத்தது இல்லை. "அஞ்சு மெடல் வாங்கின வீரர்" என்று எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்த ஐந்தும் எந்த வருஷம் எங்கே இருந்தார் என்று சொல்கின்றன. அது போதுமான பெருமை.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. 1971 டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது தாத்தா அங்கே நின்றிருந்தார் என்பது. என் அம்மா சொல்வார், அத்தை சொல்வார், கல்யாணப் பேச்சில்கூட அது வந்திருக்கிறது. பெட்டியில் இருந்தது பஷ்சிமி ஸ்டார். பூர்வி ஸ்டார் இல்லை. தாத்தா டாக்கா இருந்த பக்கத்திலேயே இல்லை.

மெடல் ஒருவேளை மாறிப்போயிருக்கலாம் என்று அத்தை வாதாடினார். அதிலேயே தாத்தாவின் நம்பர் இருந்தது. அடுத்து கடிதங்களைப் பார்த்தோம். பட்டாளத்துக் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது, அனுப்பியவர் முகவரியில் யூனிட் பெயரும் "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்றும் மட்டும் இருக்கும் (ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்). 56க்கு டெல்லி வழியாகத் தபால் போகும், 99க்குக் கல்கத்தா வழியாக. வடக்கு, மேற்கில் இருந்தவர்களுக்குப் பொதுவாக 56. கிழக்கே இருந்தவர்களுக்கு 99. தாத்தா 1972 ஜனவரியில் போட்ட கடிதத்தில் 56.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குகிறது. கடலைக்காய் ஆய்ந்தாயிற்றா, மூட்டை என்ன விலைக்குப் போயிற்று, பெரியவனுக்குச் சளி விட்டதா, கிணற்றில் தண்ணீர் எத்தனை படிக்கட்டு இருக்கிறது. இதற்கே இரண்டு பக்கம். போரைப் பற்றி மொத்தமே நாலு வார்த்தை: "இங்கே பனி ரொம்ப ஜாஸ்தி." மலரில் இதை முழுப்பக்கத்துக்கு அப்படியே அவர் கையெழுத்தில் போட்டோம். நான் பத்து பக்கம் எழுதியிருந்தாலும் அந்த மனிதரை அப்படிக் காட்டியிருக்க முடியாது.

ஒரு சபலம் வரும், ஜாக்கிரதை. 1971இல் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றோரம் டாங்கிகள் போக கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்கள்; அதற்காக உயிரைக் கொடுத்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அதைப் படித்ததும் "தாத்தாவும் அங்கேதான்" என்று எழுத என் கை துடித்தது. ஆனால் அது 9 என்ஜினியர் ரெஜிமென்ட். தாத்தாவின் யூனிட் நம்பர் வேறு. அதனால் படைப்பிரிவின் பெருமையை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டோம், தாத்தா தலையில் ஏற்றவில்லை.

பெட்டியில் காகிதம் ஒன்றும் இல்லையா? ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ரெக்கார்ட் அலுவலகம் உண்டு. பெரும்பாலும் அந்தந்த மையத்தோடு இருக்கும். ஆர்மி நம்பர், இறப்புச் சான்றிதழ், நீங்கள் வாரிசு என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு பாட்டியின் பெயரில் விண்ணப்பம் எழுதுங்கள். பேரன் பெயரில் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். காலையில் போனால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பெரியவர்களில் ஒருவருக்காவது உங்கள் தாத்தாவைத் தெரிந்திருக்கும்.

கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர் என்றால் வேலை கடினம். அந்தப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். உயிரோடு திரும்பியவரா இல்லையா என்பதைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும். இறந்தவர்களின் பெயர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். மலாயாவிலிருந்து நேதாஜியின் ஐ.என்.ஏ.வுக்குப் போனவர் என்றால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அதன் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது: பெயரும் பிறந்த நாளும்

தாத்தாவுக்கு மூன்று பெயர் இருந்தது. வீட்டில் ஒன்று, ஆர்மியில் ஆள் எடுக்கும்போது எழுதியவருக்குக் காதில் விழுந்தபடி ஒன்று, பள்ளியில் இன்ஷியலோடு ஒன்று. எதையும் திருத்தாதீர்கள். மூன்றையும் மலரின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். நாளைக்குப் பேத்தி ஒருத்தி ஆவணம் தேடும்போது அந்தத் தப்பு எழுத்துதான் அவளுக்கு உதவும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். ஆர்மி காகிதத்தில் 1945. ஜாதக நோட்டில் சுபானு வருஷம் ஆவணி. தமிழ் வருஷத்தை மாற்றும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும்; சுபானு என்றால் 1943ஆகவும் இருக்கலாம், 2003ஆகவும் இருக்கலாம், ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இன்னொன்று, வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடும். தாத்தா ஆவணி என்பதால் 1943தான். இரண்டு வருஷம் குறைத்துக் கொடுத்ததால் 58 வயதில் ஓய்வு என்ற அன்றைய கணக்கில் இரண்டு வருஷம் கூடுதலாகப் பாடம் நடத்தியிருக்கிறார். இதைச் சொன்னதும் ஆயா, "அதுக்குத்தான் கடைசி ரெண்டு வருசம் முட்டி வலிக்குதுன்னு புலம்பினாரு" என்றார்.

நான்காவது: படங்கள்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். சுருங்கி வரும், அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, நேரில் போய் ஸ்கேன் செய்வது. சிறிய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 600 டி.பி.ஐ., காகிதத்துக்கு 300 போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத வேண்டுமென்றால் பென்சில்தான். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் அழுந்தித் தெரியும்.

பழுது பார்க்கக் கொடுத்த படம் திரும்பி வந்ததும் முதலில் மார்பைப் பாருங்கள். மெடல் ரிப்பன் இடது மார்பில் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்களுக்கு ஒரு படம் அப்படித்தான் வந்தது. கலர் ஏற்றுகிறேன், மீசையை அடர்த்தியாக்குகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் பிளெக்ஸில் ஒருமுறை பட்டது போதும்.

ஐந்தாவது: பாட்டியிடம் கேட்பது

போன் ரெக்கார்டர் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், போனை மடித்த துண்டின் மேல் வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆரம்பத்தில் தேதி, இடம், யார் பேசுகிறார் என்று நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து நாற்பது ஆடியோ கோப்பில் எது எது என்று தெரியாது.

"தாத்தாவைப் பத்தி சொல்லு ஆயா" என்று கேட்டால் "அவரு தங்கமான மனுசன்" என்பதோடு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். நான் தாத்தாவின் பச்சைக் கம்பளியைக் கொண்டுபோய் ஆயா மடியில் வைத்தேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. ரெண்டு மாச லீவில் வரும்போது காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, விடியும்வரை அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிளாட்பாரத்திலேயே படுத்திருப்பாராம். ராத்திரியில் வந்து கதவைத் தட்டினால் தந்தி வந்துவிட்டது என்று வீடு பயந்துபோகும் என்பதற்காக. லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போதே பேச்சு குறைந்துவிடுமாம். "போற அன்னைக்கு மூஞ்சியவே பாக்க மாட்டாரு. மாட்டைத் தடவிக் குடுத்துட்டுப் போயிடுவாரு."

சிலவற்றை ஆயா "இத எழுதாத" என்றார். எழுதவில்லை.

ஆறாவது: பள்ளிக்கூடம்

பட்டாளத்துக்குக் காகிதம் இருக்கும், மனிதர்கள் தூரத்தில் இருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு. காகிதம் குறைவு, மனிதர்கள் தெருவுக்கு ஒருவர். தாத்தா 1981 முதல் 2003 வரை மூன்று பள்ளிகளில் இருந்தார். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கிப் போனால் பழைய நிகழ்ச்சிப் பதிவேடு, ஆய்வுக்கு வந்த அதிகாரிகளின் குறிப்பு, ஆண்டு விழாப் படம் பார்க்கக் கிடைக்கலாம். சேர்க்கைப் பதிவேட்டைப் போனில் படம் எடுக்காதீர்கள். அதில் மற்றவர்களின் சாதி, அப்பா பெயர் எல்லாம் இருக்கும்; அது உங்கள் சொத்து இல்லை.

மாணவர்களைப் பிடிக்க ஒரே ஒரு வகுப்புப் படம் போதும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இதில் நீங்கள் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் எங்களுக்கு இருபத்திரண்டு பேர் கிடைத்தார்கள். கேள்வி முக்கியம். "சார் எப்படிப்பட்டவர்?" வேண்டாம். "வகுப்புக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். ஜன்னல் எல்லாவற்றையும் திறப்பார், நகம் பார்ப்பார், அப்புறம்தான் சாக்பீஸ். 1982இல் சத்துணவு வந்தபோது பிள்ளைகளை மெஸ் வரிசை மாதிரி நிறுத்தி, தட்டை இடது கையில் மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொல்வாராம். ஐம்பது வயது ஆள் ஒருவர் டீக்கடையில் எழுந்து நின்று டீ கிளாஸை அப்படிப் பிடித்துக் காட்டினார். டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலோடு வீடு வீடாகக் கூட்டிப்போய், கணக்கைப் பைசா சுத்தமாகப் பலகையில் எழுதுவாராம். ஊரில் அவர் பெயரே மிலிட்டரி வாத்தியார்.

டாக்கா மர்மமும் இங்கேதான் உடைந்தது. பட்டாளத்தில் தாக்குதலுக்கு முன்னால் தரையில் மணலைக் குவித்து, அந்த இடத்தின் மாதிரியைச் செய்து காட்டி விளக்குவார்கள். தாத்தா அந்த வித்தையை அப்படியே புவியியலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பள்ளி மைதானத்தில் மணல், மலைக்குச் செங்கல் தூள், சாலைக்குச் சுண்ணாம்பு, ஆற்றுக்கு நீலப்பொடி. பாலாற்றை அப்படித்தான் நடத்தினார். ஒவ்வொரு டிசம்பர் 16க்கும் மேக்னா ஆற்றையும் டாக்காவையும் மணலில் வரைந்து, படை எந்தப் பக்கம் வந்தது என்று குச்சியால் காட்டுவார். பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் "சார் டாக்காவுல இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர் சொன்னதை எங்கள் வீடு நம்பியது. இப்போது லாரி ஷெட் வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "நான் நேரா கேட்டேன் சார்கிட்ட. 'நான் அங்க இல்லடா. நான் மேற்கால கண்ணி தோண்டிட்டு இருந்தேன். டாக்காவ ரேடியோல கேட்டேன்'னாரு."

அவர் பொய் சொன்னதில்லை. எங்களில் ஒருவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் புகழவில்லை. ஒருவர் புறங்கையைக் காட்டினார். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு ஸ்கேலின் விளிம்பால் அடித்த அடி. "எனக்கு அப்ப கண்ணு சரியா தெரியாது, பலகையில இருந்தது படிக்க முடியல. அது அவருக்குத் தெரியாது. அதுக்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகல." அந்தத் தலைமுறை வாத்தியார்களில் அடிக்காதவர் அபூர்வம், 2009இன் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்ய இன்னும் வெகுகாலம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி அவர் கையை மறைக்க முடியாது. மலரில் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை. பெரியப்பா ஒரேயடியாக மறுத்தார். கடைசியில் ஆயாதான், "அவன் வந்து சொன்னானா? அப்ப போடு" என்றார். பெயர் இல்லாமல், அவர் சம்மதத்தோடு, அவர் சொன்ன வார்த்தையிலேயே போட்டோம். உங்கள் வீட்டில் வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் மலர் முழுக்கப் புகழ்ச்சியாக இருந்தால், அதில் உண்மையான புகழ்ச்சியையும் யாரும் நம்பமாட்டார்கள் என்பது என் கட்சி.

ஏழாவது: எழுதுவதும் அச்சடிப்பதும்

ஒரு காலவரிசையைத் தயார் செய்து, அதற்குள் பொருட்களையும் குரல்களையும் செருகுங்கள். உறவினர் கட்டுரை என்றால் ஆளுக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு சம்பவம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். "அன்பின் சிகரம்", "பண்பின் இமயம்" என்று வருவதை எல்லாம் வெட்டினேன்; இரண்டு சித்தப்பாக்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மலரின் அட்டையிலோ படத்திறப்பு மேடையிலோ தேசியக் கொடியை அலங்காரத் துணியாகப் போர்த்தும் ஆசை வரும். சட்டப்படி அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கு மட்டுமே உடல்மேல் கொடியைப் போர்த்தலாம். நாங்கள் அந்தப் பச்சைக் கம்பளியைத்தான் மேஜையில் விரித்தோம்.

பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். பதினாறின் மடங்காக இருந்தால் ஃபார்ம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்கள்) கணக்கில் காகிதம் வீணாகாது. டெம்மி அளவு, 80 ஜி.எஸ்.எம். கனமுள்ள மேப்லித்தோ தாள், படங்களுக்கு மட்டும் நடுவில் ஆர்ட் பேப்பர். அறுபத்துநாலு பக்கம் வரை சென்டர் பின் போதும். சில நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சு, ஆயிரம் என்றால் ஆஃப்செட். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததை டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும். "கொடி" "கெடி" ஆகும். அதனால் கடைசி புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். பெயர்களையும் வருஷங்களையும் மட்டும் தனியாக இன்னொரு முறை.

வீட்டுக்குப் போக மீதிப் பிரதிகள்: அவர் வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு, ஊர் நூலகத்துக்கு இரண்டு, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒன்று, பேசிய மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஸ்கேன் செய்த கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

அச்சுக்குப் போவதற்கு முன் குழுப் படங்களை அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். நாங்கள் காட்டவில்லை. அவசரம். மலர் வெளியிட்ட மூன்றாம் நாள், பிளெக்ஸைப் பார்த்து ஜோக் அடித்த அதே கூட்டாளி போன் செய்தார். இருபத்துமூன்றாம் பக்கத்தில் பாலத்தின் மேல் ஆறு பேர் நிற்கும் படம். இடமிருந்து இரண்டாவதாக நிற்பவருக்கு அம்புக்குறி போட்டு "தாத்தா" என்று அச்சிட்டிருந்தோம்.

"யப்பா, அது நான். உங்க தாத்தன் எனக்கு அந்தாண்ட நிக்கறான் பாரு, கண்ண மூடிக்கினு."

மறுநாளே முந்நூறு பிழைதிருத்தத் துண்டுகள் அடித்து, வீடு வீடாகப் போய்ச் செருகிவிட்டு வந்தோம்.